பச்சைக்காரியும் கறுப்புக்காரனும்

எங்கள் ஹமாமட்சுவில் கல்யாணப் பேச்சு எடுத்தால் குலம் கோத்திரம் கேட்க மாட்டார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். மோட்டார் சைக்கிள் செய்து பிழைக்கிற ஊர். ஒரு கம்பெனி வண்டிகளில் எர்த் ஒயர் பச்சை. இன்னொரு கம்பெனியில் கறுப்பு. மூன்றாவது கம்பெனியும் உண்டு, அவர்களுக்குக் கறுப்பில் வெள்ளைக் கோடு. அவர்கள் கதை இப்போது நமக்கு வேண்டாம்.

எர்த் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டு வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக வீடு திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். கறுப்பு எங்களுக்குச் சாது. பச்சைக்காரர்கள் வண்டியிலோ கறுப்பு என்றால் சாவியைத் திருப்பியதும் உயிர் வந்து துள்ளுகிற ஒயர். ஒரு வீட்டுச் சாமி அடுத்த வீட்டுக்குப் பேய் என்பது இதுதான்.

நான் கறுப்புக்காரன். பெயர் ஹிரோமு. ஓய்வு பெறும்வரை கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் பெட்ரோல் டேங்குகளுக்கு வண்ணம் பார்த்தவன். என் மனைவி மசாயோ பச்சைக்காரி. பச்சைக் கம்பெனிக்கு ஒயர் கட்டுகள் கட்டிக்கொடுத்த பட்டறையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவள். என்னைவிட மூத்தவள். மூத்த பெண்டாட்டி கிடைப்பாள் என்றால் இரும்புச் செருப்பு தேயத் தேய நடந்து தேடலாம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் நடக்கவே இல்லை. அவள்தான் வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனாள்.

இது உண்மை. அவளிடம் ஒரு வண்டி இருந்தது, பச்சைக் கம்பெனியின் இரட்டை சிலிண்டர் வண்டி, வாங்கும்போதே பழசு. அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருவேன். மோட்டார் சைக்கிள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் பெண்டாட்டியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதுவும் எதிர்க் கம்பெனி வண்டியில் போனால் பெயிண்ட் ஷாப்பில் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ஹிரோமு, பால் குடிச்சிட்டு வந்தியா?" என்று கேட்பார்கள். எனக்கு வெட்கம் இருந்ததே ஒழிய வருத்தம் இருந்ததில்லை. அவள் முதுகு அகலமான, சூடான முதுகு.

பிறகு வேலை, வீடு, அவள் அம்மா படுக்கையில் விழுந்தது என்று வண்டி ஷெட்டுக்குள் போய்த் துணி போர்த்திக்கொண்டது. ஒயர்களை எலி தின்றது. துணிமேல் வெங்காயம் காயவைத்தோம்.

போன மார்ச் மாதம் ஒரு காலை மசாயோ பஸ் பிடித்துக் காவல் நிலையத்துக்குப் போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளே கொடுத்தாள். கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஓரங்களிலிருந்து உள்நோக்கி இருட்டு வந்தது. நேர் எதிரே இருப்பது தெரியும். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பாருங்கள், அதுதான் அவள் பார்வை. மேஜைமேல் பக்கத்திலிருக்கும் டீக் கோப்பையைத் தட்டிவிடுவாள், ஆனால் கூரைமேல் உட்கார்ந்த காக்கையின் மூக்கில் என்ன இருக்கிறது என்று சொல்வாள்.

வந்தவள் வீட்டுக்குள் வராமல் நேரே ஷெட்டுக்குப் போனாள். வெங்காயத்தை அள்ளிக் கூடையில் போட்டாள். துணியை உருவினாள்.

"லைசென்ஸைக் குடுத்துட்டேன்" என்றாள்.

"சரி. அப்புறம் இதை ஏன் திறக்கிற?"

"ஓட்டத்தான்."

"லைசென்ஸ் இல்லாமலா?"

"ரோட்டுல ஓட்டத்தான் லைசென்ஸ். அண்ணன் தோப்புக்குள்ள எவன் வந்து கேப்பான்?"

அவள் அண்ணன் யசுதாகாவுக்கு எங்கள் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் மிக்காபி மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோப்பு. தோப்புக்குள் சொந்தச் சிமெண்ட் பாதை ஒன்று கீழே பழம் கட்டும் கொட்டகையிலிருந்து வளைந்து வளைந்து உச்சிவரை போகும். உச்சியில் நின்றால் ஏரி தெரியும். அந்தப் பாதையில் ஒரே ஒரு தடவை, தன் கையால், தன் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நடுவில் மிச்சமிருக்கும் வெளிச்சமும் போவதற்குள்.

போனில் சொன்னபோது யசுதாகா அண்ணன் யோசிக்காமல் வாயைவிட்டார். "இத்தனை வருஷம் சும்மா வச்சிருந்துட்டு, கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும்.

மசாயோ சிரித்தாள். "சூரியன் நேரா முன்னாடி வந்து நின்னா எனக்கு இன்னும் தெரியும் அண்ணே" என்றாள்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்துச் சேர்ப்பது அவளுக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை, கை பழகிய வேலை. வண்டியையும் தன் இப்போதைய உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றினாள். சீட்டைத் தாழ்த்தினாள், கால் இரண்டும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று. ஹேண்டில்பாரைத் தன் பக்கம் வளைந்ததாக மாற்றினாள். இண்டிகேட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்கு ஒரு கீச்சொலி வைத்தாள். தோப்புக்குள் யாருக்கு இண்டிகேட்டர் என்று கேட்டேன். "அணிலுக்கு" என்றாள்.

டேங்க் மட்டும் என் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் டேங்க் பார்த்தவன், என் மனதில் ஒரு நீலம் இருந்தது. சாயங்காலம் மழை விட்டதும் ஏரிமேல் ஒரு நொடி வந்து போகுமே, அந்த நீலம். நாலைந்து தகடுகளில் அடித்துக் காயவைத்து அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. கறுப்பா இருக்கு."

"கறுப்பா? இது நீலம். இது கொஞ்சம் பச்சை ஓடின நீலம். இது..."

"ஹிரோமு, எனக்குத் தெரியற கலர்ல அடி."

அதனால் ஆரஞ்சுப்பழ நிறத்தில் அடித்தேன். கம்பெனியில் யாராவது இந்த நிறத்தைக் கேட்டிருந்தால் பெயிண்டைத் தலையில் கொட்டியிருப்பேன். டேங்க் காய்ந்ததும் அவள் அதைப் பத்தடி தள்ளி வைக்கச் சொல்லி, வாசலில் நின்று பார்த்து, "இருக்கு" என்றாள். என் வேலைக்கு அதைவிட நல்ல பேச்சு யாரும் பேசியதில்லை.

ஒயரிங்கை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். அதற்குள் ஜூன் மாத மழைக்காலம் வந்துவிட்டது.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வருகிறது. ஷெட்டின் ஷட்டரைப் பாதிவரை தூக்கி வைத்திருப்போம். கீழ்ப்பாதியில் மழை, சாக்கடையோரம் நீலப் பூங்கொத்துகள், அவற்றின்மேல் நத்தைகள். மேல்பாதியில் இருட்டு, வெங்காயம், ரப்பர் வாசனை. இரண்டு பீர்ப்பெட்டிகளின்மேல் ஒரு பலகையைப் போட்டு, வண்டியின் அளவுக்கு ஆணிகள் அடித்திருந்தாள். பட்டறையில் அப்படித்தான் வேலை. ஒயர்களை ஆணிகளுக்கு நடுவே ஓடவிட்டு, கிளை பிரித்து, டேப் சுற்றிக் கட்டாக்கி, அப்படியே தூக்கி வண்டியில் போடுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிறம் பார்த்து எடுத்துத் தருவேன். அந்த வெளிச்சத்தில் அவளுக்குச் சிவப்பு தெரிந்தது. பச்சையும் கறுப்பும் தெரியவில்லை.

"சிவப்பு குடு."

கொடுப்பேன்.

"பாட்டரிதான் ஸ்டேஷன்னு வச்சுக்கோ. சிவப்பு அங்கேயிருந்து கிளம்பற பெரிய ரோடு. சாவி நாற்சந்தி. அங்கேயிருந்து கறுப்பு. கறுப்பு குடு. கறுப்பு எல்லாம் தெரு. இது ஹாரன் வீட்டுக்கு. இது பிரேக் விளக்கு வீட்டுக்கு. வேலை முடிஞ்சதும் எல்லா வீட்டுல இருந்தும் பச்சை கிளம்பி ஸ்டேஷனுக்குத் திரும்பிடும். கேக்கறியா?"

"கேக்கறேன்."

கேட்டேன். ஆனால் மழைச் சத்தத்தில் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் ஒயரை நீவிக்கொண்டே பேசுவாள். நான் சுவரில் சாய்ந்து அவள் சொல்கிற தெருக்களில் நடந்து போவேன். எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும், தெருவில் ஆள் இருக்காது, கறுப்பு ஆறு ஒன்று சத்தமில்லாமல் ஓடும். கண் விழித்தால் அவள் கை என் முன்னால் நீண்டிருக்கும். "பச்சை கேட்டு எவ்வளவு நேரமாச்சு" என்பாள். கனவிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுப்பேன். அந்த நேரங்களில் நாங்கள் இருவரும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தோம். கண் டாக்டர் என்று ஒருவர் இருப்பதே எனக்கு மறந்துபோகும்.

கட்டு முடிந்தது. வண்டியில் ஏற்றியாயிற்று. ஃப்யூஸ் வர வேண்டிய இடத்தையும், இரண்டு கொத்துகளின் முனைகளையும் மட்டும் திறந்து விட்டிருந்தாள். தெருக்களெல்லாம் கூடுகிற கறுப்புக் கொத்து ஒன்று, சட்டத்தில் முடுக்க வேண்டிய பச்சைக் கொத்து ஒன்று. கடைக்காரன் ஃப்யூஸ் பெட்டி இன்னும் அனுப்பவில்லை. அது வந்ததும் முடித்துவிடலாம் என்றாள். மறுநாள் அவளுக்குக் கண் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டு அம்மாளோடு பஸ்ஸில் போனாள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறக்கூட இல்லை, ஆசைப்பட்டேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எப்படிப்பட்ட முகத்தோடு வருவாள் என்று எனக்குத் தெரியும். வரும்போது வண்டியில் ஒரு விளக்காவது எரிந்துகொண்டிருந்தால்? நியூட்ரல் விளக்கு, அந்தச் சின்னது. அதை முகத்துக்கு நேரே வைத்துக் காட்டலாம். ஃப்யூஸ் இல்லாவிட்டால் என்ன, கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று, ஃப்யூஸ் வர வேண்டிய இடத்தில் இருந்த இரண்டு சிவப்பு முனைகளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினேன். பிறகு எர்த்தை முடுக்க வேண்டும். என் கை தானாகக் கறுப்புக் கொத்துக்குப் போனது. யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷம் கம்பெனி கான்டீனிலும், குடிக்கப் போன இடத்திலும், மைத்துனன் வீட்டுச் சண்டையிலும் கேட்டுக் கேட்டு ஊறிய விஷயம், கறுப்புதான் எர்த். நிறத்தைச் சரியாகத்தான் பார்த்தேன். கறுப்பைக் கறுப்பு என்றுதான் பார்த்தேன். அழகாக ஒரு வளையம் போட்டுச் சட்டத்தில் முடுக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவில்லை. டேங்குக்கு அடியிலிருந்து சன்னமாக ஒரு புகை எழுந்து, ஷட்டருக்கு அடியில் நுழைந்து, மழைக்குள் போனது. எனக்கு முதலில் அது அழகாகவே தெரிந்தது. அப்புறம்தான் நாற்றம் வந்தது. பாட்டரி ஒயரைப் பிடுங்குவதற்குள் கட்டு முழுவதும் கொப்புளித்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

அவளுக்கு வாசல் கேட்டிலேயே தெரிந்துவிட்டது. குடையோடு ஷெட்டுக்குள் வந்து நின்றாள்.

"எரிஞ்சிருச்சா?"

"எரிஞ்சிருச்சு."

"எவ்வளவு?"

"முழுசும்."

குடையை மடக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கத் தைரியமில்லை. நூடுல்ஸ் வேகவைத்துத் தலைமாட்டில் வைத்தேன், அப்படியே ஆறிப்போனது. அடுப்படியில் நின்று அழுதேன். அறுபது தாண்டிய ஆள், விரலில் கொப்புளம், மூக்கில் சளி. அவள் கண்ணில் மிச்சமிருந்த கொஞ்ச நாளை நான் எரித்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

காலையில் அவள் படுக்கையில் இல்லை. ஷெட்டில் கருகிய ஒயர்களை மடியில் போட்டு, மீனில் முள் தேடுகிறவள்போல விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஹிரோமு, இங்க ஒரு வளையம் இருக்கு. நான் போடலையே."

"நான்தான் போட்டேன்."

"எந்தக் கொத்துல?"

"கறுப்புல."

"கறுப்பைக் கொண்டுபோய் எங்க முடுக்கின?"

"எர்த்துக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் அந்த வளையத்தை மறுபடி தடவினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கருகின ஒயர்களை முகத்தில் வைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் கரியாகச் சிரித்தாள்.

"முப்பது வருஷத்துக்கு மேல பச்சை வீட்டுச் சோறு. இருந்தாலும் கறுப்புப் புத்தி போகலை பாரு. எங்கப்பா அப்பவே சொன்னார், கறுப்புக்காரன் நல்லவன்தான், ஆனா ஸ்க்ரூ டிரைவரைக் கையில குடுத்துடாதேன்னு."

"மன்னிச்சிடு மசாயோ."

"மன்னிக்கறதுக்கெல்லாம் நேரமில்லை. நடுவுல இருக்கறது குளிர் வர்ற வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொன்னார். ரெண்டு கொத்துக்கும் பேர் எழுதி வைக்காம விட்டது என் தப்பு. புதுசா ஆரம்பிக்கலாம். இந்தத் தடவை தூங்காதே."

இரண்டாவது தடவை வேறு மாதிரி வேலை. கோடை முழுக்க அவள் கண் இன்னும் சுருங்கியது. இப்போது ஷெட்டை முழுசாகத் திறந்து வைத்தாலும் பச்சை, கறுப்பு, நீலம், பழுப்பு எல்லாம் அவளுக்கு ஒரே கூட்டம். அதனால் நான் வெள்ளை நூலால் ஒயர்களில் முடிச்சுப் போட்டேன். பச்சைக்கு ஒரு முடிச்சு. கறுப்புக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. நீலத்துக்கு நூலைச் சுற்றிவிடுவது. பழுப்புக்கு இடைவெளி விட்டு மூன்று. ஊசி நூலோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தபால்காரன், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான். மசாயோவின் விரல்கள் முடிச்சுகளின்மேல் ஓடும்போது எனக்கு வேலை எதுவும் இல்லை, நிறம் கேட்கக்கூட என்னைத் தேடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். தூங்கக் கூடாது என்று சொல்லியிருந்தாளே.

ஓபோன் பண்டிகை வந்தது. முன்னோர்கள் சீக்கிரம் வந்து சேர வெள்ளரிக்காயில் குதிரையும், மெதுவாகத் திரும்பிப் போகக் கத்திரிக்காயில் மாடும் செய்து வைப்போம். மசாயோ வெள்ளரிக்காயில் மோட்டார் சைக்கிள் செய்தாள். முள்ளங்கியை வட்டமாக நறுக்கிச் சக்கரம், பல்குத்தும் குச்சியில் ஹேண்டில்பார். "அப்பா குதிரையெல்லாம் ஏற மாட்டார்" என்றாள். அன்று சாயங்காலம் ஷெட்டுக்குள் போனபோது யாரோ இப்போதுதான் எஞ்சினை அணைத்துவிட்டுப் போனமாதிரி சூடாக இருந்தது. வெயில்தான். இருந்தாலும் இருவரும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றோம், மாமனார் ஒயர் வேலையைப் பார்த்து முடிக்கட்டும் என்று.

ஃப்யூஸ் பெட்டி முறையாகப் போட்டு, பச்சைக் கொத்தை அவள் கையாலேயே சட்டத்தில் முடுக்கி, சாவியைத் திருப்பியது செப்டம்பர் கடைசியில். நியூட்ரல் விளக்கு எரிந்தது. என்னிடம் கேட்காமல் அவளே குனிந்து நேருக்கு நேர் பார்த்தாள். எஞ்சின் மூன்றாவது உதையில் பிடித்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டது.

ஆரஞ்சு பழுக்கிற நவம்பரில் போகலாம் என்றாள். எதற்குக் காத்திருக்கிறாய், கண் காத்திருக்குமா என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. "பழுத்தாத்தான் மரம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று அவள் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

யசுதாகா அண்ணன் தன் குட்டி லாரியில் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். தோப்பில் போய் இறங்கினால், வளைவுகளில் இருக்கிற கல்சுவர்மேலெல்லாம் பழைய மெத்தைகளைப் போர்த்திக் கயிறு கட்டி வைத்திருந்தார். பூப்போட்ட மெத்தைகள். வரிசையாக விருந்தாளிகள் படுத்திருப்பதுபோல இருந்தது.

மசாயோ ஒரு மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, நான் வண்டி ஓட்ட வந்தேனா, படுக்க வந்தேனா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான்" என்றார் அண்ணன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கொட்டகைக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பழங்களைத் திரும்பத் திரும்பத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் ஹெல்மெட்டைப் போட்டு, வண்டியில் ஏறி, கிக்கரை உதைத்தாள். நான் கீழே நின்று பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவளும் தனியாக ஓட்டத்தானே இத்தனை பாடு.

"ஏறு" என்றாள்.

"நானா?"

"வளைவு எந்தப் பக்கம்னு யார் சொல்றது? வலப்பக்கம்னா வலது தோளைத் தட்டு. இடதுன்னா இடது. நிறுத்தணும்னா ரெண்டையும்."

ஏறினேன். பழைய இடம். அவள் முதுகு இப்போது கொஞ்சம் சிறுத்திருந்தது.

"ஹிரோமு."

"என்ன?"

"இன்னைக்காவது கண்ணைத் தொறந்து வச்சுக்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் எப்ப மூடினேன்?"

"எப்பவும்தான். கல்யாணத்துக்கு முன்னாடி ஏறின முதல் நாள்ல இருந்து. ஒவ்வொரு வளைவுலயும் உன் ஹெல்மெட் என் முதுகுல வந்து முட்டும். கண்ணு தொறந்திருக்கறவன் தலை ஆடாது, எதிர்ல பாத்துத் தயாரா இருப்பான். நீ மூடிட்டு என்னை நம்பி உக்காந்திருந்த. நானும் சொல்லலை. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது எனக்கும் இருட்டுக்கும் நடுவே இருந்த விஷயம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

வண்டி நகர்ந்தது. முதல் கியரில் ஊர்ந்து, இரண்டாவதுக்குப் போனது. நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அவள் தோளுக்கு மேலே பாதை வந்தது. இரண்டு பக்கமும் மரங்கள், மரம் முழுக்க ஆரஞ்சு. காய்ந்த வெயில் இலைகள்மேல் வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வலது தோளைத் தட்டினேன். அவள் வலப்பக்கம் சாய்ந்தாள், நானும் அவளோடு சாய்ந்தேன். தலை முட்டவில்லை. பூப்போட்ட மெத்தை ஒன்று பக்கத்தில் மிதந்து பின்னால் போனது. இடது. அடுத்து வலது. கீழே ரேடியோ சின்னதாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும். தூக்கத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போவதுபோல வண்டி மலையேறியது, நான்தான் முழித்துக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது. ஆனால் இவ்வளவு அழகான ஒன்றை இத்தனை வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறேனே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

உச்சியில் நிறுத்தச் சொல்லி இரண்டு தோளையும் தட்டினேன். எதிரே ஏரி. அவள் தலையை மெல்ல அங்கும் இங்கும் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள், பெரிய படத்தைச் சின்ன டார்ச் அடித்துப் பார்ப்பதுபோல.

"என்ன கலர்ல இருக்கு?"

"நான் அடிக்க நினைச்ச நீலம்."

"எனக்கு வெள்ளையா மினுங்குது. அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இறங்கும்போது கடைசி வளைவு தாண்டினால் கொட்டகைவரை ஒரே நேர்பாதை. இரண்டு பக்கமும் பழ மரங்கள் காவல் நின்றன. அங்கே வந்ததும் அவள் தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"கையை எடு."

"மசாயோ..."

"நேர்பாதைதானே. நேரா இருக்கறது எனக்குத் தெரியும். கையை எடு ஹிரோமு."

எடுத்தேன். பின்னால் இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் முறுக்கினாள். மூன்றாவது கியர். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமே கிடையாது, நடுவில் ஒரு கோப்பையளவு வெளிச்சம், அதற்குள் பாதை. வண்டி அந்தக் கோப்பைக்குள் நேராக, ஒரு விரற்கடை பிசகாமல் போனது. எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் வாயே திறக்கவில்லை.

ரேடியோ சத்தம் கிட்ட வந்ததும் அவளே வேகத்தைக் குறைத்து, அண்ணன் எழுந்து நின்ற இடத்துக்குச் சரியாக முன்னால் நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது. அண்ணன் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பழம் துடைத்த துணி.

மசாயோ ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியிருந்தது, காற்றினாலோ என்னவோ. "போதும்" என்றாள். "ஒரு தடவைதானே கேட்டேன். போதும்."

நான் இறங்கவில்லை.

"எனக்குப் போதாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இத்தனை வருஷம் நான் ஒண்ணும் பாக்கலை மசாயோ. இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ."

அவள் திரும்பி, என் முகத்தைத் தன் பார்வைக்கு நேராகக் கொண்டுவந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "பெட்ரோல் இருக்கா பாரு" என்றாள்.